எட்டுக் கம்பியும் மாட்டியாகிவிட்டது

மரியே வாழ்க!

விருத்தாசலம்,
7.2.2007, புதன்கிழமை.

பொருள்: சோதனைப் பெட்டியின் பின்பக்க இணைப்புகள் உயிர்ச்சேதம் இன்றி முடிந்தமை குறித்து.

பார்வை: உன்னுடைய ஏழு கட்டளைகள் அடங்கிய கடிதம், மற்றும் அதைத் தொடர்ந்து நீ போனில் போட்ட சத்தம்.

அன்பு மகள் லீமாவுக்கு, அப்பா காஸ்பர் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே பெங்களூரில் நீயும் உன் அறைத்தோழியும், அந்த ஹாஸ்டல் சாம்பாரையும் மீறி, சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இதை எழுதும் நிமிடம் வரை என் கைவிரல்கள் பத்தும் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறையைக் கிழிக்கும்போதே அதைத்தான் தேடுவாய் என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் "பெட்டி" என்று வாயெடுத்தாலே நீ "அப்பா, கை வைக்காதீங்க!" என்று கத்துகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழி இல்லை. அதனால் நிதானமாக எழுதப்போகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

உன் அறைத்தோழிக்கும் வாசித்துக் காட்டுவாய் என்பதால் அந்தப் பெண்ணுக்கும் புரியும்படி ஆரம்பத்திலிருந்து வருகிறேன். ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் சிக்னல் பராமரித்து ஓய்வு பெற்ற நான், வீட்டில் சும்மா இருந்தால் அம்மாவின் மிக்சியைப் பிரித்துவிடுவேன் என்ற பயத்தில், அவளே தேவநாதன் முதலாளியிடம் சொல்லி, பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் அவருடைய கம்பெனியில் சோதனைப் பிரிவில் என்னைச் சேர்த்துவிட்டாள். நீ வேலை பார்க்கும் கம்பெனியின் பெட்டிதான் நல்ல பெட்டி என்று நான் அவர் காதில் ஓதி, அவரும் வாங்கினார். இன்சுலேட்டர் மேல் ஐயாயிரம் வோல்ட்டை ஏற்றி, தாங்குகிறதா இல்லையா என்று சொல்லும் பெட்டி அது. முன்பக்கம் பார்க்க டேப் ரிக்கார்டர் மாதிரி சாதுவாக இருக்கிறது. பின்பக்கத்தில்தான் எட்டு ஓட்டைகள். காலால் மிதித்து ஆரம்பிக்கும் பெடலுக்கு இரண்டு, அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு இரண்டு, இன்சுலேட்டரை உள்ளே வைத்துச் சோதிக்கும் கூண்டின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் இன்டர்லாக்குக்கு இரண்டு, சரக்கு தேறாவிட்டால் அலறும் சைரனுக்கு இரண்டு. இந்த எட்டையும் மாட்ட உன்னைத்தான் கம்பெனி டூரில் இந்தச் சனிக்கிழமை அனுப்புவதாக இருந்தது. நீயும் "நானே வரேன்ப்பா, சனி ஞாயிறு வூட்ல இருந்துட்டுப் போறேன், அதுவரைக்கும் தொடாதீங்க" என்றாய். சொல்லிவிட்டு, "நீங்க கேக்க மாட்டீங்க, அதனால இதையும் அனுப்புறேன்" என்று ஏழு கட்டளைகளையும் எழுதி அனுப்பினாய். அனுப்பியது உன் தப்பு.

பெட்டி திங்கட்கிழமை வந்து இறங்கியது. தேவநாதன் முதலாளி புது எந்திரம் என்றால் பூசை போடாமல் விடுவாரா? சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தாயிற்று. முன்பக்கம் மூன்று பொட்டு வைத்தார், அதுவரை சரி. சந்தனக் கிண்ணத்தோடு பின்பக்கம் திரும்பினாரே பார்க்கலாம்! நான் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் கேட் போட்ட மாதிரி நின்றுவிட்டேன். "மொதலாளி, இந்த ஓட்டைக்குள்ள ஈரம் போனா பெட்டி அம்பேல்" என்றேன். "சாமிக்கி ஆவாதுன்னு சொல்றீங்களா காஸ்பர் சார்?" என்றார். அந்த நேரம் என் சட்டைப் பையில், மாதா கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத் தண்ணீர் பாட்டில் ஒன்று பெட்டியின் மேல் தெளிப்பதற்காகவே காத்திருந்தது. நியாயம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? தீர்த்தத்தைத் தொட்டு என் நெற்றியில் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு பாட்டிலை மூடிவிட்டேன். அவரும் சந்தனத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மாலையை மட்டும் கூண்டின் மேல் சுற்றிக் கட்டினார். போகட்டும் என்று விட்டேன். அந்த மாலையைப் பற்றிப் பிறகு வரும்.

பூசை முடிந்த கையோடு, உன் முதல் கட்டளைப்படி பெட்டியை அணைத்தேன். அணைத்தது மட்டுமல்ல, பவர் கார்டையே கழற்றினேன். "கார்டு உங்கள் கண்ணுக்கு எதிரே இருக்கட்டும், வேறு யாரும் செருகிவிடக் கூடாது" என்று நீ எழுதியிருந்ததால், அதைச் சுருட்டிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டேனா? ரயில்வேயில் ஒரு சிக்னலைத் தொடுவதென்றால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்ஷன் மெமோ கொடுப்போம். இந்த நேரத்திலிருந்து இது உங்கள் உபயோகத்துக்கு இல்லை என்று எழுதி, காரணமும் போட்டு, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்பேனரில் கை வைப்போம். வேலை முடிந்ததும் மறு இணைப்பு நேரத்தை எழுதித் திருப்பிக் கொடுத்தால்தான் ரயில் ஓடும். அதே மாதிரி ஒரு மெமோ எழுதி முதலாளி முன்னால் நீட்டினேன். "எம் பெட்டிய தொடறதுக்கு எனக்கே நோட்டீஸா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நேரம் போடவில்லை. நேரம் போடாத மெமோ செல்லாது என்று திருப்பிக் கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்க்கவைத்து, பத்து மணி ஐந்து நிமிடம் என்று எழுதி வாங்கினேன்.

அடுத்து நடந்ததை மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்தால் செல்வநாயகி உன்னிடம் சொல்லிவிடுவாள். (சோதனை மேசையில் உட்கார்ந்து இன்சுலேட்டரைக் கூண்டில் வைத்து எடுக்கிற பெண். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.) விஷயம் என்னவென்றால், சிக்னல்காரனுக்குக் கம்பியில் கரண்ட் ஓடினால்தான் நம்பிக்கை. கரண்ட் வந்தால் கேட் மூடியிருக்கிறது, கரண்ட் நின்றால் கேட் திறந்திருக்கிறது அல்லது கம்பி அறுந்திருக்கிறது, உடனே சிவப்பு. ஆகவே ஒரு கம்பி இருந்தால் அதன் ஒரு முனையில் பாட்டரி இருக்க வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். இன்டர்லாக் என்று உன் கடிதத்தில் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி, நம் ஊர்க்காரனை வெளியூரில் பார்த்த மாதிரி. முதலாளியின் டெம்போவிலிருந்து ஒரு பாட்டரி, டிராக்டரிலிருந்து ஒரு பாட்டரி, இரண்டையும் சேர்த்தால் இருபத்து நாலு வோல்ட், கச்சிதம். இரண்டு கையிலும் இரண்டு பாட்டரியோடு மேசைக்கு வருகிறேன், செல்வநாயகி உன் கடிதத்தைக் கையில் எடுத்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள்.

"மூணாவது. பெடலு, பொத்தானு, கதவு, இந்த ஆறு ஓட்டைக்குள்ளயும் வெளியிலேருந்து ஒரு வோல்ட்டு கூட வரக் கூடாது. வேணுங்கறத பெட்டியே உள்ளேருந்து குடுத்துக்கும். நாம குடுக்க வேண்டியது தொறந்து மூடற வெறும் சுவிச்சு மட்டுந்தான். அப்பா, இது சிக்னல் இல்லை. பாட்டரியைக் கீழே வையுங்கள்."

வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "சாரு, ஒங்க பாப்பா இங்கதான் எங்கியாச்சும் நின்னு பாக்குதா?"

எனக்கு அப்போது வந்தது கோபமா, பெருமையா, என்னவென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நீ பெங்களூரில் உட்கார்ந்து எழுதும்போதே, இந்த மனுஷன் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று உன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறதே! பாட்டரியைக் கீழே வைத்தேன். ஒன்றைத் தரையில் வைத்தேன், இன்னொன்றைச் சற்று அவசரமாக என் இடது கால் மேல் வைத்தேன். கைவிரல்கள் பத்தும் சுகம் என்றுதான் நான் எழுதினேன். கால்விரல்களைப் பற்றி நான் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. வீக்கம் வற்றிவருகிறது.

பிறகு கம்பி உரிக்கும் படலம். பத்து மில்லிமீட்டர் மட்டும் உரிக்க வேண்டும், இழைகளை முறுக்கிவிட வேண்டும், ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து ஓட்டையைத் தொடக் கூடாது, பல்லால் உரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். முதல் மூன்று கம்பியைக் கட்டரால் உரித்தேன். நான்காவதில் பழக்க தோஷம். என் மேல்வரிசைப் பல்செட் கம்பியோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு சென்னை வியாபாரியை அழைத்துவந்து, "இவுருதான் எங்க டெஸ்டிங்கு எக்ஸ்பர்ட்டு" என்று அறிமுகப்படுத்தினார். நான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். கழுத்தில் பவர் கார்டு, கையில் கம்பி, கம்பியின் நுனியில் பல். அந்த வியாபாரி வெளியே போகும்போது "ரொம்ப அடக்கமானவரா இருக்காரு" என்றாராம்.

எட்டுக் கம்பியையும் நீ சொன்னபடியே, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டைக்கு மேலிருக்கும் குட்டிப் பொத்தானை அழுத்தி, செருகி, விட்டு, ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் கையோடு வரவில்லை. ஐயாயிரம் வோல்ட் போகும் சிவப்பு வயர் ஒரு பக்கம், இந்தச் சின்னக் கம்பிகள் மறு பக்கம் என்று சம்பந்தி வீட்டார் மாதிரி தள்ளித் தள்ளிக் கட்டினேன். மெமோவில் மறு இணைப்பு நேரம் போட்டு, கழுத்திலிருந்த கார்டை எடுத்துச் செருகினேன். பெட்டி பளிச்சென்று கண் விழித்தது. இன்சுலேட்டரை உள்ளே வைத்துக் கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு, செல்வநாயகி பெடலை மிதித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள். பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான் போய் மிதித்தேன், அதுவும் வீங்காத காலால். ம்ஹூம்.

அந்தப் பத்து நிமிடம் எந்த எதிரிக்கும் வரக் கூடாது. முதலாளி மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். உன் கம்பெனிப் பெட்டி, நான் சொன்ன பெட்டி, நான் மாட்டிய கம்பி. "காஸ்பர் பொண்ணு தலையில கட்டிட்டுது" என்று ஒரு பேச்சு வந்தால் நான் எங்கே போய் நிற்பேன்? அப்போது முதலாளி மெதுவாகச் சொன்னார். "சார், அந்த கதவு ஓட்டை ரெண்டுலயும் ஒரு துண்டு கம்பிய சொருவி வுட்டா, கதவு மூடிக்கிதுன்னு பெட்டி நெனச்சிக்கும்ல? வேல நடக்கும்ல?"

லீமா, எனக்கு வந்ததே கோபம். "மொதலாளி, கேட்ட தொறந்து வச்சிட்டு சிக்னல மட்டும் எறக்கி ரயில வுடச் சொல்றீங்களா? முப்பத்தி நாலு வருசத்துல நான் அத பண்ணதில்ல. இந்தக் கூண்டுக்குள்ள ஒரு நாளைக்கி எத்தினி வாட்டி செல்வநாயகி கை போவுது தெரியுமா?"

"எண்ணூறு வாட்டி சாரு. ரெண்டு கையும்" என்றாள் செல்வநாயகி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டி. முதலாளி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "வேணாம் சார், தப்பா சொல்லிட்டேன்" என்றார். நல்ல மனுஷன்.

அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. பெட்டி பழுதே இல்லை. பெட்டி என்னைப் போலவே பிடிவாதம் பிடிக்கிறது, அவ்வளவுதான். கேட் மூடவில்லை, நான் சிக்னலை இறக்க மாட்டேன் என்கிறது. குனிந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், முதலாளி கட்டிய சாமந்தி மாலையின் ஈர முடிச்சு கதவுக்கும் அந்தச் சின்ன சுவிட்சுக்கும் நடுவில் ஒரு விரற்கடை நசுங்கிக் கிடக்கிறது. மாலையைக் கழற்றி முதலாளி கையில் கொடுத்தேன், அவர் அதைக் காலண்டரில் இருந்த நம் ஊர்ப் பழமலைநாதர் சாமி படத்துக்குப் போட்டார். கதவு "டிக்" என்று சாத்திக்கொண்டது. செல்வநாயகி மிதித்தாள். நம்பர்கள் மளமளவென்று ஏறி ஐயாயிரத்தில் நின்றன. நடுவில் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நீ ஏழாவதாக எழுதியிருந்தாயே, கூண்டுக்குள் கை விடாமல் கதவின் பிடியை மட்டும் இழுத்துப் பார்த்தேன். கதவு அசைந்த கணத்தில் எல்லாம் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. பத்து முறை இழுத்தேன், பத்து முறையும் செத்தது. சத்தியமாகச் சொல்கிறேன் பாப்பா, என் கண் கலங்கிவிட்டது. என் மகள் வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு பெட்டியைச் செய்கிறார்கள், அது செல்வநாயகியின் கையைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தேன்.

சைரன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி வாங்கிவைத்திருந்தது வீட்டுக் கரண்டில் ஓடும் பெரிய சைரன். அதை நேரே பெட்டியில் மாட்டக் கூடாது, முப்பது வோல்ட்டுக்கு மேல் அந்த ஓட்டை தாங்காது, சின்னக் கரண்டை வாங்கிப் பெரிய கரண்டை ஓட்டும் ரிலே ஒன்றை நடுவில் போடுங்கள் என்பது உன் ஆறாவது கட்டளை. ரிலே என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? அழகாகப் போட்டேன். சோதித்துப் பார்க்க ஒரு விரிசல் விட்ட இன்சுலேட்டரை வைத்தோம். அது தேறாமல் போக, சைரன் அலறியது பார், இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டே அதிர்ந்தது. அப்போது காலை பதினொன்று ஐம்பது. பக்கத்து மூன்று கம்பெனி ஆட்களும் சாப்பாட்டு மணி என்று நினைத்து எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார்கள். ஒரு மேனேஜர் சண்டைக்கு வந்தார். முதலாளி அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போது இரண்டாவது இன்சுலேட்டரும் தேறவில்லை. சைரன் வாயில் இப்போது என் பழைய பனியன் அடைத்திருக்கிறது.

ஆக, எட்டுக் கம்பியும் மாட்டியாகிவிட்டது. இந்த வாரம் அனுப்ப வேண்டிய சரக்கு முழுவதையும் இன்று மாலைக்குள் சோதித்தும் முடித்துவிட்டோம். தேவநாதன் முதலாளி உங்கள் கம்பெனிக்கு, "இணைப்பு வேலை முடிந்தது, ஆள் அனுப்ப வேண்டியதில்லை" என்று தமிழில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றுமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அனுப்பிவிடுவேன். நீ வீணாக அலைய வேண்டாம். சேலம் வழி பஸ் வேறு உடம்பை முறித்துவிடும். உன் வேலை முக்கியம்.

இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பல்செட் நீங்கலாக. அவள் கவனமாகக் கேட்டாள். "அப்ப சனிக்கெழம பாப்பா வராதா?" என்றாள். வேலை முடிந்துவிட்டதே, கம்பெனி எதற்கு அனுப்பும் என்று விளக்கினேன். சரி என்றாள். உன் கட்டிலில் காலையில் விரித்து வைத்திருந்த புது பெட்ஷீட்டை மடித்து பீரோவில் வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு நீ டூட்டி என்றாய், கோணான்குப்பம் மாதா திருவிழாவுக்கும் லீவு இல்லை என்றாய். ஜூன் மாதத்திலிருந்து அந்தக் கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. எங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லை. நீ நன்றாக இருந்தால் போதும்.

உன் தலைமேல் கை வைத்து நானும் அம்மாவும் கொடுக்கும் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கட்டும். ஞாயிறு பூசையைத் தவற விடாதே. அறைத்தோழியைக் கேட்டதாகச் சொல். செல்வநாயகி உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள், இரண்டு கையாலும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
எஸ். காஸ்பர்,
சிக்னல் மெயின்டெய்னர் (ஓய்வு).

பின்குறிப்பு: 8.2.2007, வியாழன் பகல். மேலே எழுதியதை இன்னும் ஒட்டவில்லை; நாளைக்கே உன் கையில் கிடைக்கும்படி இன்று கூரியரில் போடுகிறேன். இந்தப் பின்குறிப்பு எழுதியிருக்கும் தாளைத் திருப்பிப் பார். மறுபக்கத்தில் இருப்பது முதலாளி கையெழுத்துப் போட்ட ஃபேக்ஸ். அனுப்பவில்லை. காலையில் அம்மா டீயை வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "வேல முடிஞ்சா பாப்பா வராதுன்னு தெரியும்ல, அப்பறம் ஏங்க முடிச்சீங்க?" முப்பத்து நான்கு வருட சர்வீஸில் எந்த மேலதிகாரியும் என்னை இப்படிக் கேட்டதில்லை. டீயைக் குடிக்காமலே சட்டையை மாட்டினேன்.

வேலை முடியவில்லை என்று பொய் எழுதலாம். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நேரே கம்பெனிக்குப் போய் முதலாளியிடம் இன்னொரு மெமோவை நீட்டினேன். காரணம் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். "இந்த வாரத்து சரக்குதான் முடிஞ்சிட்டுதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நான் கேட்காமலேயே நேரமும் போட்டுக் கையெழுத்துப் போட்டார். பெட்டியை அணைத்து, கார்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எட்டுக் கம்பியையும் உருவிவிட்டேன். நகல் கீழே:

டிஸ்கனெக்ஷன் மெமோ. நாள்: 8.2.2007. நேரம்: 11.20. கழற்றப்பட்டவை: எட்டுக் கம்பி. காரணம்: இன்ஜினியர் லீமா நேரில் வந்து மாட்ட வேண்டும். மறு இணைப்பு நேரம்: ____________

அந்தக் கோட்டின் மேல் நீதான் நேரம் போட வேண்டும். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் பாப்பா. பெட்ஷீட் மறுபடி கட்டிலுக்கு வந்துவிட்டது. பவர் கார்டை வேறு யாரும் செருகிவிடக் கூடாது என்பதால் நான் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருவன் நின்றால், கூச்சப்படாமல் கிட்டே வா, அது உன் அப்பாதான்.